விலேன் 20-லிருந்து கேட்வேக்கு பிங் போகவில்லை

நெட்வொர்க் சப்போர்ட் வேலைக்குப் போக சிஸ்கோவின் சிசிஎன்ஏ 200-301 தேர்வுக்கான லேப் இது. 2960 ஸ்விட்ச், 1941 ரவுட்டர், நடுவில் எல்லா விலேன்களும் (ஸ்விட்ச்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள்) போகும் ஒரே ட்ரங்க் கேபிள். விலேன் 10 நன்றாக ஓடுகிறது. நேற்று விலேன் 20 சேர்த்ததிலிருந்து அதிலுள்ள கணினிகளுக்கு டிஹெச்சிபி (தானாக ஐபி முகவரி தரும் சேவை) முகவரி வரவில்லை, அது கிடைக்காதபோது கணினி தானே வைத்துக்கொள்ளும் 169.254-தான் வருகிறது. கையால் 192.168.20.10 கொடுத்தாலும் கேட்வேயான (ரவுட்டரில் இந்த விலேனுக்கான முகவரி) 192.168.20.1-க்கு பிங் போகாது. தங்களுக்குள் மட்டும் போகிறது.

இதுவரை பார்த்தது: போர்ட்டுகள் விலேன் 20-இல்தான் இருக்கின்றன. ட்ரங்கின் அனுமதிப் பட்டியலில் 20 உண்டு. ரவுட்டரில் விலேன் 20-க்கான சப்-இன்டர்ஃபேஸ் அப்/அப், டாட்1கியூ (ட்ரங்கில் விலேனை அடையாளம் காட்டும் டேக்) எண்ணும் 20தான். விலேன் 10 அதே கேபிளில் ஓடுவதால் கேபிள் பழுது என்று தோன்றவில்லை, இருந்தும் மாற்றிப் பார்த்தாயிற்று. முக்கியமான தடயம் ஒன்று: ஸ்விட்ச்சின் மேக் டேபிளில் (எந்தச் சாதனம் எந்த போர்ட்டில், எந்த விலேனில் என்ற பட்டியல்) ரவுட்டரின் மேக் முகவரி விலேன் 10-இல் மட்டுமே தெரிகிறது.

டேக் 20 எங்கே விழுந்துபோகிறது என்று கண்டுபிடிக்க அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?