கிறிஸ்தவ ஊழியம் செய்தவர்கள் வீட்டில் பிறந்தவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

வெள்ளவத்தைக் கடற்காற்று

நானே தொடங்குகிறேன். சொல்லாவிட்டால் தூக்கம் வராது போல இருக்கிறது.

எங்கள் அம்மா சனிக்கிழமை தோறும் ஹேந்தளை ஆஸ்பத்திரிக்கு ஊழியத்துக்குப் போனவர். 22 வருஷம், சம்பளம் கிடையாது. எந்த ஆஸ்பத்திரி என்று கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கென்று கட்டியது. விடியவே 100ஆம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ். பொழுதுபடத்தான் திரும்புவார். சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்குப் பாணும் முதல்நாள் பருப்பும். அந்தப் பருப்பில் எனக்கிருந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வீட்டில் அம்மா அதிகம் பேசமாட்டார். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், முழங்கால், ஆமென். அந்த ஜெபத்தில்கூட எங்கள் பெயர் வராது. 'பிள்ளைகள்' என்று மொத்தமாக ஒரு சொல், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புத் தவணைப் பரீட்சையில் கணக்குக்கு 34 எடுத்தேன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், குசினிக்குள் போய்விட்டார். ஏசவும் இல்லை.

அம்மா காலமான பிறகு அவருடைய பைக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது. காலி வீதிக் கடையொன்றில் திருத்தக் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். உறையில் ஒரு பெயர், வார்ட் நம்பர். அதைக் கொடுக்கத்தான் முதல் தடவையாக ஹேந்தளைக்குப் போனேன். வயதான ஒரு அம்மா. விரல்கள் பாதிக்கு மேல் இல்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகக் காதில் மாட்டினார். உதவப் போனேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டார்: "கணக்கில 34 எடுத்த பிள்ளை நீதானே?"

"அதுக்குப் பிறகு பாஸ் பண்ணினியா? அம்மா இந்தக் கட்டிலில இருந்துதான் அழுதவ. நாங்க வார்ட் முழுக்க உனக்காக ஜெபம் பண்ணினோம்."

ஏன் அங்கே போய் அழுதார்? நான் அடுத்த அறையில்தானே படுத்திருந்தேன்?

அம்மாவின் பைபிளைத் திறந்தால் அதிகாரத்துக்கு அதிகாரம் பழைய பஸ் டிக்கெட். அதை மூடி வைத்துவிட்டேன்.

மட்டக்குளியான்

அக்கா, குறை நினைக்காதீங்கோ. இதைப் பெரிய சாட்சி மாதிரி எடுத்துக்கொண்டு நாலு பேர் வந்து ஆமென் போடப் போகிறார்கள். நான் போட மாட்டேன். நானும் போதகர் வீட்டுப் பிள்ளைதான். எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு கட்டில் இருந்ததே தவிர, அதில் நான் படுத்த இரவுகள் குறைவு. எப்போதும் யாரோ ஒருவர். தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்தவர், பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர், பெண்சாதி துரத்திவிட்டவர். ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் என் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒருவர் கிளம்பிப் போயிருந்தார். அப்பா சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு இன்னும் நிற்கிறது, சப்பாத்து அல்ல. அன்றைக்கு நான் ரப்பர் செருப்போடு அசெம்பிளியில் நின்றேன்.

ஊருக்கு ஊழியம் செய்கிறவர்கள் வீட்டுக்கும் கொஞ்சம் செய்யலாம் என்பது என் கட்சி.

கொட்டாஞ்சேனைப் பேரன்

நாங்கள் கத்தோலிக்கர், பரவாயில்லையா? நீங்கள் 'ஜெபம்', நாங்கள் 'செபம்', வித்தியாசம் ஒரு எழுத்துத்தான் என்று அம்மம்மா சொல்லுவா. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் அவவுக்குத் தவறாது. மழை, ஊரடங்கு, எதுவும் கணக்கில்லை.

2015 ஜனவரி 14. காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், ஜோசப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த நாள். அம்மம்மாவுக்கு அடிகளார் என்றால் உயிர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து கூலியாள் வேஷத்தில் வந்து இறங்கி, தமிழும் சிங்களமும் படித்து, ஊர் ஊராக ஒளித்துத் திரிந்து பூசை வைத்தவர். அந்தக் கதை சொல்லித்தான் எங்களுக்குச் சோறு தீத்துவா. முதல்நாள் இரவே பாய், பிளாஸ்க் எல்லாம் கொண்டுபோய்ப் படுத்தாச்சு. இரவு முழுக்கக் கடற்காற்று.

விடிந்து பாப்பரசரின் வண்டி வருகிறது. சனம் அலை மாதிரி எழும்புகிறது. அந்த நேரம் பார்த்து அம்மம்மாவின் செபமாலை கைநழுவி விழுந்துவிட்டது. குனிந்து தேடுகிறா. நான் தோளைப் பிடித்துத் தூக்குவதற்குள் வண்டி போய்விட்டது. நான் பார்த்தேன், அவ பார்க்கவில்லை. "பார்த்தீங்களா அம்மம்மா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது.

"பார்த்தேன் ராசா. என்னைப் பார்த்துத்தான் கை காட்டினார்."

சாகும்வரை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னா. நானும் பக்கத்தில் நின்று, ஆமாம் என்று ஓம் போட்டேன். பொய்க்கு ஓம் போட்டேனா என்று பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவம் சொல்லுகிற இடத்தில், ஒருமுறை கேட்கப் போய், கேட்காமலே வந்துவிட்டேன்.

பழைய காகிதப் பிரியன்

கடற்காற்று அக்காவுக்கு: பைபிளை மூடி வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அலுமாரிக்குள்ளா? தயவுசெய்து வேண்டாம். வெள்ளவத்தையில் கடலுக்கு அவ்வளவு கிட்ட இருந்தால் ஈரமும் உப்பும் சேர்ந்து இரண்டு மழைக்காலத்தில் பக்கங்களை ஒட்ட வைத்துவிடும். இராமபாணப் பூச்சி வந்தால் அவ்வளவுதான், அட்டைப் பசையிலிருந்துதான் தொடங்கும். பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டாதீர்கள், உள்ளேயே வியர்க்கும். கிழிந்த இடத்துக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் படாத ஒரு தட்டில் படுக்க வையுங்கள், நிமிர்த்தி அல்ல. மாதம் ஒருமுறை நிழலில் விரித்துக் காற்றுப் பிடிக்க விடுங்கள். வெயிலில் வேண்டாம். முக்கியமாக, டிக்கெட்டுகளை எடுக்கமுன் எந்தப் பக்கத்தில் எது என்று ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். டிக்கெட் மை கையில் பட்டாலே போய்விடும்.

என் தாத்தா தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து உபதேசியார். தோட்டத் தொழிலாளருக்கென்று 1854இல் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் வழிவந்த சபை. பெற்றோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் போய் இராச்செபம் நடத்தினவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன சபையாரின் பெயரெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நாங்கள் கொழும்புக்கு வந்து திறந்து பார்த்தபோது அட்டை இரண்டும் இருந்தது. நடுவில் தூள்.

மானிப்பாய்_மைனர்

இந்தப் பக்கத்தில் ஒருவருமே கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஆள் பிடிக்கத்தானே? சைவர்களான எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு.

மட்டக்குளியான்

தம்பி, பெயரை மானிப்பாய் என்று வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறீரே. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன் உங்கள் ஊரில்தானே தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார்? அதற்கென்று புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கிறிஸ்தவராக்க ஆசை இல்லாமல் வந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆசையோடுதான் வந்தார். அதற்காக அந்தப் புத்தகங்கள் இல்லையென்று ஆகுமா? (என் அப்பாவின் ஊழியத்தை நான் திட்டலாம். நீர் திட்டக் கூடாது. நியாயமில்லைதான், என்ன செய்வது.)

மானிப்பாய்_மைனர்

சரி அண்ணை, சப்பாத்துக் கதைக்காக விடுகிறேன்.

வெள்ளவத்தைக் கடற்காற்று

எல்லாருக்கும் நன்றி. பைபிளை அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். படம் எடுக்கத் தொடங்கி ஆதியாகமம் தாண்டவில்லை.

கொட்டாஞ்சேனைப் பேரன் 'ஓம் போட்டேன்' என்று எழுதியதை வாசித்த பிறகு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே மறைத்துவிட்டேன். அந்த அம்மா பாஸ் பண்ணினியா என்று கேட்டாரே, அடுத்த தவணை நான் எடுத்தது 38. கணக்கு எனக்குக் கடைசிவரை வரவேயில்லை.

"75 அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பி, காது கேட்காதவருக்குச் சொல்லுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்: "75ஆம்! கேட்டியா? 75!"