பெயர்ப் பட்டியலில் "ஏ/எல்" பெரிய எழுத்தாகிவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, மலேசியாவின் பினாங்கில் எங்கள் கோயில் நன்கொடையாளர் பட்டியல் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிறது, ரசீதுக்கு முதலெழுத்து மட்டும் பெரிதாக வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் எல்லாவற்றையும் சிறிதாக்கி, அப்புறம் ரெஜெக்ஸில் (எழுத்து அமைப்பைத் தேடி மாற்றும் குறியீடு) சொல் எல்லைக்கு அடுத்த எழுத்தைப் பெரிதாக்கினேன். சாய்கோடும் அப்போஸ்ட்ராபியும் சொல்லெழுத்தில் சேராததால் அங்கேயும் எல்லை விழுந்து, சிறிதாகவே நிற்க வேண்டிய "ஏ/எல்" (இன்னாரின் மகன்), "ஏ/பி" (இன்னாரின் மகள்) இரண்டும் பெரிதாகிவிட்டன. சரி, அதை இருபக்க இடைவெளியோடு தேடித் திருத்திவிட்டேன். அப்போஸ்ட்ராபிதான் படுத்துகிறது: "டி'குரூஸ்" பெயரில் குறிக்குப் பின் பெரிய எழுத்து வேண்டும், "சா'அடியா"வில் கூடவே கூடாது. கொடுத்தவர் பெயரைத் தப்பாக அச்சடிக்க மனம் வரவில்லை. குறிக்கு முன் ஒரே எழுத்து இருந்தால் மட்டும் பெரிதாக்கும்படி லுக்பிஹைண்ட் (முன்னால் இருப்பதைப் பார்க்கும் ரெஜெக்ஸ் நிபந்தனை) எழுதினால் போதுமா, வேறு நல்ல வழி இருக்கிறதா?