14 வருடம் குடிக்கவில்லை, இப்போது கூட்டத்தில் பேசத்தான் பயம்

பெரம்பூரில் இருக்கிறேன், வயது 52. குடியை விட்டு 14 வருடம். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு) கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் "அண்ணனைப் பாருங்க" என்று என்னைத்தான் காட்டுகிறார்கள். தெருவில்கூட, புருஷன் குடிக்கிற வீட்டுக்காரர்கள் என்னிடம்தான் அனுப்புகிறார்கள்.

மூன்று வாரமாக ஆசை திரும்பியிருக்கிறது. ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் சாயங்காலம் ஏழு மணி ஆனால் கை பரபரக்கிறது. டாஸ்மாக் இருக்கிற தெரு வேண்டாம் என்று ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கிறேன். போன கூட்டத்தில் "எனக்கு அந்த நினைப்பே வருவதில்லை" என்று சொன்னேன். பொய். கைதட்டினார்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பசி, கோபம், தனிமை, களைப்பு நாலையும் கவனிக்கிற பழைய பாடத்தைத் திரும்ப எடுத்தேன். ஏழுக்கு முன்பே சாப்பிட்டால் கொஞ்சம் அடங்குகிறது. போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசினேன், மனநல மருத்துவரையும் பார்த்துவிட்டேன். தூக்கம் மட்டும் சரியானது. என் ஸ்பான்சர், அதாவது ஏஏவில் எனக்கு வழிகாட்டியாக இருந்தவர், போன வருடம் தவறிவிட்டார். இன்னொருவரைக் கேட்க வாய் வரவில்லை, எல்லோரும் எனக்குப் பின்னால் வந்தவர்கள்.

வருகிற ஞாயிறு ஒரு தம்பிக்கு முதல் வருடம் முடிகிறது, நான்தான் பேச வேண்டும். அவன் கலங்கிப்போகாமல், எனக்கு இன்னும் ஆசை வருகிறது என்பதை அங்கே எப்படிச் சொல்வது?