ஆடுதீண்டாப்பாளைக் கன்று யாரிடமாவது இருக்குமா?

வணக்கம் நண்பர்களே. கோவையில் எங்கள் தெருப் பூங்காவின் ஒரு மூலையில் பத்துப் பேர் சேர்ந்து வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போட்டிருக்கிறோம். உண்ணிப்பூவும் இட்லிப்பூவும் நன்றாகப் பூக்கின்றன, தேன் குடிக்க நிறைய வருகின்றன. ஆனால் தேன் மட்டும் போதாதே! முட்டையிட அதற்கென்று உள்ள செடி வேண்டும்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்துவிட்டோம். தானாக முளைத்த எருக்கஞ்செடியில் போன வாரம் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு ஒன்றைப் பார்த்தேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு இலை விளிம்பை அரை வட்டமாகக் கடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் போனால் களை என்று செடியையே வெட்டிப் போட்டிருந்தார்கள். மனசே ஆறவில்லை.

இப்போது உங்களிடம் கேட்பது: உரோசா அழகி என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிட ஆடுதீண்டாப்பாளை அல்லது ஈசுவரமூலிக் கன்று, நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகளுக்காகக் கிலுகிலுப்பை விதை. வீட்டிலோ தோட்டத்திலோ இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், பூச்சிமருந்து அடிக்காத கன்றாக இருக்கட்டும். மருந்து ஏறிய இலையைத் தின்றால் புழு செத்துவிடும்.

பூங்கா ஊழியர்களுக்குப் புரியும்படி செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதித் தரக்கூடியவர்கள் இருந்தால் ஞாயிறு காலை 7 மணிக்கு வாருங்கள். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள்.