குதிரைக்கு ஸ்கேன் வழிகாட்டலில் மூளை ஆபரேஷன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கடிவாளம்:
என் குதிரைக்கு வயது 19, காயடித்த ஆண். கொஞ்ச நாளாக லாயத்துக்குள் இடப்பக்கமாகவே சுற்றுகிறான். வெளியே வரும்போது வலது விலாவை வாசல் நிலையில் இடித்துக்கொள்கிறான். வலக்கண்ணுக்கு நேரே கையை வீசினால் இமைப்பதில்லை. ஆனால் டார்ச் அடித்தால் கண்மணி நன்றாகவே சுருங்குகிறது. கண்ணில் கோளாறு இல்லை, மூளையின் இடப்பாதியில்தான் சிக்கல் என்றார் டாக்டர். மயக்கம் கொடுக்காமல், அசையாதிருக்க மட்டும் ஊசி போட்டு, நிற்கவைத்தே தலையை சி.டி. எடுத்தார்கள். இடது வென்ட்ரிக்கிளுக்குள், அதாவது மூளைக்குள் நீர் நிறைந்த அறைக்குள், ஒரு கட்டி தெரிகிறது.

அடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்து, படத்தை நேவிகேஷன் கருவியில் (ஊசி போகும் இடத்தைத் திரையில் காட்டுவது) ஏற்றி, ஊசி விட்டுப் பயாப்சி (கட்டியில் துளி எடுத்துச் சோதிப்பது) செய்யலாம் என்கிறார்கள். தோதாக இருந்தால் கட்டியைக் குறைக்கவும் பார்ப்பார்களாம். மனிதர்களுக்குச் செய்வது தெரியும். குதிரைக்கு இது எந்த அளவுக்கு வந்திருக்கிறது? அவ்வளவு பெரிய தலையில் ஊசி இடம் தவறாதா?

நடுக்கோடு:
நேவிகேஷன் கருவி இருக்கும் அறையில் வேலை பார்ப்பவன் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

தலை பெரிது, மூளை சிறிது. கண்களுக்கு இடையே நெற்றியில் துளை போட்டால் முதலில் வருவது மூளை அல்ல, சைனஸ் என்ற காற்றறை. அது மூக்கோடு தொடர்புள்ளது. அதன் வழியே போனால் கிருமியையும் மூளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். மூளை அதற்கும் பின்னால், காதுப் பக்கம் இருக்கிறது. பக்கவாட்டில் தடித்த தாடைத் தசை, நடுக்கோட்டில் பெரிய ரத்தநாளம். எஞ்சிய குறுகிய ஜன்னலில்தான் வழி தேட வேண்டும். கைக்கணக்கு அங்கே உதவாது.

ஆபரேஷனுக்கு முன் மண்டையோட்டில் சின்னச் சின்ன அடையாளத் திருகுகளைப் பதித்து ஸ்கேன் எடுப்போம். தோலில் ஒட்டினால் போதாது. குதிரைக்குத் தோல் நகரும். பிறகு அகச்சிவப்பு கேமரா, தலையோடு இறுக்கிய சட்டத்திலும் டாக்டர் கையிலுள்ள கருவியிலும் இருக்கும் பளபளக்கும் உருண்டைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஊசி நுனி எங்கே என்று திரையில் படத்தின் மேல் தெரியும். கேமராவுக்கும் உருண்டைக்கும் நடுவே யாராவது தலையை நீட்டினால் திரை உறைந்துவிடும். அங்கே அதிகம் கேட்கும் வார்த்தை "நகருங்க"தான்.

இடம் தவறாதா என்றால், 10 செ.மீ. ஆழத்தில் 1 டிகிரி சாய்ந்தால் நுனி 1.7 மி.மீ. விலகும். அதோடு வேறு சிறு பிழைகளும் சேரும். பயறு அளவு கட்டி என்றால் பயப்படலாம், பெரிய கட்டிக்குப் பரவாயில்லை. இன்னொன்று, வென்ட்ரிக்கிளைத் திறந்து நீர் வடிந்தால் மூளை கொஞ்சம் இறங்கும். அப்புறம் திரையில் இருப்பது பழைய படம்தான். ஆபரேஷன் நடுவில் மறுபடி சி.டி. எடுக்க வசதி உண்டா என்று கேளுங்கள்.

இந்தக் கலையே விலங்குகளிடம் தொடங்கியதுதான். 1908இல் ஹார்ஸ்லி, கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள், மூளைக்குள் ஊசியைக் குறி வைத்துச் செலுத்தும் முதல் சட்டத்தை விலங்கு ஆய்வுக்காகத்தான் செய்தார்கள். மனிதருக்கு வர 1947 ஆனது. குதிரை விஷயத்தில் இறந்த குதிரைகளின் தலையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; உயிருள்ள குதிரையில் செய்தது அபூர்வம்.

மூச்சுக்குழாய்:
கருவியைப் பற்றி அவர் சொன்னது சரி. நான் மயக்க மருந்து கொடுப்பவள், என் கவலை வேறு. எம்.ஆர்.ஐ.யை நிற்கவைத்து எடுக்க முடியாது. நிற்கும் குதிரைக்கென்று உள்ள எம்.ஆர்.ஐ. கால்களுக்கானது. மூளைக்கு முழு மயக்கம் வேண்டும். எம்.ஆர்.ஐ.யும் ஆபரேஷனும் ஒரே மயக்கத்திலா, இரண்டு தடவையா என்று முதலில் கேளுங்கள். மயக்கத்தில் குதிரை தானாக மூச்சு விட்டால் கரியமில வாயு தேங்கும். தேங்கினால் மூளை ரத்தநாளங்கள் விரிந்து மண்டைக்குள் அழுத்தம் ஏறும். அதனால் வென்டிலேட்டர் கட்டாயம். தலையை இதயத்துக்குச் சற்று மேலே வைத்து, கழுத்து ரத்தநாளம் நசுங்காமல் பார்ப்போம். 500 கிலோ உடம்பு மணிக்கணக்கில் ஒரே பக்கம் கிடந்தால் அடியில் உள்ள தசை செத்துவிடும். அதற்காகச் சராசரி ரத்த அழுத்தத்தை 70க்குக் கீழே விடமாட்டோம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது எழுந்து நிற்பது. மனிதர் கட்டிலில் கண் விழிக்கிறார். குதிரை, தெளிந்தும் தெளியாமலும் எழப் பார்க்கும். மெத்தை பதித்த அறையில், தலைக்கயிற்றிலும் வாலிலும் கயிறு கட்டி, சுவரிலுள்ள வளையம் வழியே வெளியிலிருந்து இழுத்துத் தாங்குவோம். உங்கள் குதிரைக்குத் தலைக்கயிறு வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே எலும்பில் துளை இருக்கும். ஏற்கெனவே ஒரு பக்கம் பார்வை இல்லை, சுற்றும் குணம் வேறு. மயக்கம் கொடுக்கும் குதிரைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று இறப்பது, மூளை ஆரோக்கியமாக உள்ளவற்றையும் சேர்த்த கணக்குதான். ஆபரேஷன் அறையில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எழுப்பும் அறையில் கயிறு பிடிக்க எத்தனை பேர் என்று கேளுங்கள்.

மூளைச் சீழ்க்கட்டி என்றால் நானே "செய்யுங்கள்" என்பேன். 1987லேயே சி.டி.யில் கண்டுபிடித்து, மண்டையைத் திறந்து சீழை வடித்துக் குதிரையைப் பிழைக்கவைத்திருக்கிறார்கள். உங்களுடையது 19 வயது, வென்ட்ரிக்கிளுக்குள் கட்டி. வயதான குதிரைகளில் அந்த இடத்தில் அடிக்கடி காண்பது கொலஸ்ட்ரால் கிரானுலோமா (கொழுப்புப் படிந்து உண்டாகும், புற்றுநோய் அல்லாத கட்டி). பலவற்றுக்கு இறந்த பின் அறுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். உயிரோடு இருந்தவரை தொந்தரவே இருந்திருக்காது. உங்களுக்கு அறிகுறி இருப்பதால் அது வளர்ந்து நீர்ப்பாதையை அடைக்கிறதோ என்னவோ. அது இடத்தையும் படத்தில் தெரியும் தோற்றத்தையும் வைத்தே பெரும்பாலும் பிடிபடும். பெயர் தெரிந்துகொள்ள மட்டும் ஊசி விடுவதானால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடிவாளம்:
சி.டி. அறிக்கையில் "சுண்ணாம்புப் படிவுடன்" என்று ஒரு வரி இருக்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டார்கள்.

மூச்சுக்குழாய்:
அந்த வரியை நரம்பியல் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், கிரானுலோமா பக்கம்தான் சாய்கிறது. டெக்ஸாமெதசோன் வீக்கத்தைக் குறைக்கும், சுற்றுவது சில நாளில் குறைகிறதா பாருங்கள். ஆனால் இந்த வயதில் பிட்யூட்டரிக் (மூளைக்கு அடியிலுள்ள ஹார்மோன் சுரப்பி) கோளாறும் கூடவே இருக்கலாம், இருந்தால் லேமினைட்டிஸ் (குளம்புக்குள் வரும் அழற்சி) வரும் பயம் அதிகம். அதனால் மருந்துக்கு முன் ரத்தத்தில் ஏசிடிஎச் (அந்தச் சுரப்பியின் ஹார்மோன்) அளவைப் பாருங்கள், கொடுக்கும் நாட்களில் தினமும் குளம்பைத் தொட்டுச் சூடு பாருங்கள். அதுவரை யாரும் ஏறி ஓட்ட வேண்டாம். உள்ளே போகும்போது எப்போதும் இடப்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போங்கள்.