கையால் அடுக்கிய வரிசையும் தானாக அடுக்கும் வரிசையும்: ஒரே பட்டியலில் எப்படி வைப்பது?

பழுதுப்பட்டியல் கேட்டது:

வணக்கம். இயந்திரப் பராமரிப்புக் குழு ஒன்றுக்காக வேலைப் பட்டியல் ஆப் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் எந்த நேரமும் நாற்பது, ஐம்பது வேலைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, இயந்திர எண், முடிக்க வேண்டிய தேதி, அவசர நிலை, யார் செய்வது என்ற விவரங்கள் உண்டு.

இப்போது அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் உள்ள சிக்கல் இது. மேற்பார்வையாளர் காலையில் வேலைகளை இழுத்து இழுத்து ஓர் ஒழுங்கில் வைக்கிறார். பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களை ஒரே நடையில் முடிப்பது, ஒரே கருவி தேவைப்படும் வேலைகளைச் சேர்த்துச் செய்வது, ஒன்றை நிறுத்தினால்தான் இன்னொன்றின் மூடியைத் திறக்க முடியும் என்பது எல்லாம் அந்த ஒழுங்கில் இருக்கிறது. இவை எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை, அவர் மனக்கணக்கு. மதியம் வேறொருவர் 'தேதி' என்ற தலைப்பைத் தட்டுகிறார். பட்டியல் தேதிப்படி மாறுகிறது, எல்லோருக்கும். காலையில் அடுக்கியது திரும்ப வரவே வராது.

தேதி, அவசரம் என்று தானாக அடுக்கும் வசதியை எடுத்துவிடவும் முடியாது. நாள் தவறிய வேலைகளைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. இரண்டையும் ஒரே திரையில் எப்படி வைப்பது? தேதிப்படி இருக்கும்போது ஒருவர் ஒரு வேலையை இழுத்தால் என்ன நடக்க வேண்டும்? புதிதாக வரும் வேலை கை வரிசையில் எங்கே போய் உட்கார வேண்டும்?

முகப்பு_வடிவம் பதில்:

மேற்பார்வையாளர் அடுக்கியது அவர் உள்ளிட்ட தகவல். தலைப்பைத் தட்டச்சு செய்தது போல, தேதியைக் குறித்தது போல, அதுவும் ஒரு தகவல்தான். தேதிப்படி அடுக்குவது வெறும் பார்வை, எப்போது வேண்டுமானாலும் கணக்குப் போட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். கை வரிசையை எந்தக் கணக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே ஒரு பார்வை ஒரு தகவலை அழிக்கக் கூடாது. இந்த ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை தானாக வந்துவிடும்.

நடைமுறையில் இதற்கு எளிய வடிவம் உண்டு. வரிசைப்படுத்தும் மெனுவில் 'தேதி', 'அவசரம்', 'இயந்திர எண்' ஆகியவற்றோடு 'குழு வரிசை' என்ற பெயரில் அந்தக் கை வரிசையையும் ஒரு தேர்வாக வையுங்கள், முதல் இடத்தில். கூகுள் டாஸ்க்ஸில் 'என் வரிசை' என்ற பொருளில் ஒரு தேர்வு இருப்பதும், ஆப்பிள் ரிமைண்டர்ஸில் கையால் அடுக்குவது தேதி, முன்னுரிமை ஆகியவற்றுக்கு இணையான ஒரு தேர்வாக இருப்பதும் இதனால்தான். தேதிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். அதோடு, எந்தப் பார்வையில் இருக்கிறார் என்பது ஒவ்வொருவரின் திரைக்கும் தனி. ஒருவர் தேதியைத் தட்டியதால் மற்றவர் திரை மாறக் கூடாது. கை வரிசை மட்டும் எல்லோருக்கும் பொது.

இங்கே இன்னொரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. 'வரிசைப்படுத்து' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு செயல்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று, இப்போது ஒருமுறை அடுக்கிக் கொடு, அப்புறம் நான் கையால் திருத்திக்கொள்கிறேன் என்பது. மற்றது, எப்போதும் தேதிப்படியே வைத்திரு என்பது. மேக் கணினியில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டர், ஐகான் பார்வையில் இவற்றை இரண்டு தனிக் கட்டளைகளாகவே வைத்திருக்கிறது: ஒன்று அந்த நேரத்துக்கு ஒழுங்குபடுத்தும், மற்றது அந்த ஒழுங்கிலேயே பிடித்து வைத்திருக்கும். விண்டோஸ் டெஸ்க்டாப்பிலும் ஒருமுறை அடுக்குவது ஒரு கட்டளை, ஐகான்களைத் தானாக ஒழுங்கில் வைத்திருப்பது தனி அமைப்பு. அட்டவணை மென்பொருளான ஏர்டேபிளில் தானாக அடுக்குவதை அணைத்துவிட்டு ஒருமுறை மட்டும் அடுக்கலாம். உங்களுக்கும் இரண்டும் வேண்டியிருக்கும், ஏனென்றால் காலையில் உட்காரும் மேற்பார்வையாளர் பெரும்பாலும் முதலில் தேதிப்படி ஒருமுறை அடுக்கிவிட்டு அங்கிருந்து கையால் திருத்தத்தான் விரும்புவார். ஆனால் ஒருமுறை அடுக்குவது குழு வரிசையையே மாற்றி எழுதும் செயல். அதை மேல் மெனுவில் வைக்காமல் குழு வரிசைக்குள் 'தேதிப்படி மறுபடி அடுக்கு' என்ற தனிப் பொத்தானாக வையுங்கள். அழுத்தியதும் 'பழைய வரிசைக்குத் திரும்பு' என்ற இணைப்பு தெரியட்டும். அது சில விநாடிகளில் மறையும் செய்தியாக இருக்க வேண்டாம். அன்று முழுவதும் பழைய வரிசையை மீட்க முடிய வேண்டும்.

தேதிப் பார்வையில் இழுத்தால்? பல மென்பொருள்கள் இழுக்கும் பிடியை ஓசையில்லாமல் மறைத்துவிடுகின்றன. நேற்று நகர்ந்தது இன்று ஏன் நகரவில்லை என்று பயனருக்குப் புரியாது, ஆப் கெட்டுவிட்டது என்றே நினைப்பார். வேறு சில, இழுத்த உடனே கண்ணுக்குத் தெரியும் வரிசையையே புதிய கை வரிசையாக எடுத்துக்கொள்கின்றன. இது உங்கள் குழுவுக்கு ஆபத்து. ஒரு விரல் தவறினால் காலை வேலை முழுவதும் போய்விடும். என் தேர்வு: பிடி தெரியட்டும், இழுக்கத் தொடங்கியதும் 'இது தேதிப்படி இருக்கிறது. நகர்த்த குழு வரிசைக்குச் செல்லுங்கள்' என்று ஒரு வரியும், பக்கத்திலேயே அங்கே கொண்டுபோகும் பொத்தானும் வரட்டும். அழுத்தினால் அவர் தொட்ட அதே வேலை குழு வரிசையில் எங்கே இருக்கிறதோ அங்கே திரை போய் நிற்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஐம்பது வேலைகளுக்கு நடுவே அவர் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

அவசர நிலைப்படி பிரிவுகளாகக் காட்டினால் மட்டும் இழுப்பதற்கு நேரடியான பொருள் உண்டு. 'சாதாரணம்' என்ற பிரிவிலிருந்து 'உடனடி' என்ற பிரிவுக்கு இழுத்தால் அவசர நிலையே மாறுகிறது. பிரிவுகள் தானாக, பிரிவுக்குள் கையால் என்ற இந்தக் கலப்பு பராமரிப்பு வேலைக்கு மிக நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். தேதிக்கு இதைச் செய்யாதீர்கள். ஒரு வேலையைக் கொஞ்சம் மேலே தள்ளியதற்காக அதன் கெடு மாறக் கூடாது.

புதிய வேலையைப் பட்டியலின் அடியில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். உச்சியில் போட்டால் அடுக்கியவரின் முதல் வேலையை அது தள்ளிவிடும். பட்டியலுக்கு மேலே 'இன்னும் அடுக்காதவை' என்று ஒரு சிறிய பகுதி வைத்து அதில் சேருங்கள். எண்ணிக்கையையும் காட்டுங்கள்.

அப்புறம், எல்லோரும் மறந்துவிடும் ஒன்று: வடிகட்டிய நிலையில் இழுப்பது. ஒருவர் தனக்கு ஒதுக்கிய வேலைகளை மட்டும் பார்க்கிறார், அதில் மூன்றாவதை இரண்டாவது இடத்துக்கு இழுக்கிறார். நடுவில் அவர் கண்ணுக்குத் தெரியாத பத்து வேலைகள் இருக்கலாம். விதியை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் மேல் வேலைக்கு உடனே அடுத்து வைப்பது என்பது என் பரிந்துரை. மறைந்திருப்பவை தங்களுக்குள் எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கும்.

தானாக அடுக்கும் பார்வைகளிலும் ஒரு கவனம் வேண்டும். ஒருவர் தேதியைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே அந்த வரி பறந்து வேறிடம் போகக் கூடாது. திருத்தி முடித்து அந்த வரியை விட்டு வெளியே வந்த பிறகு நகரட்டும், போன இடத்தைச் சற்று நேரம் வண்ணத்தில் காட்டுங்கள். தட்டப் போகும் நேரத்தில் புதிய தகவல் வந்து வரிகள் கீழே இறங்கினால் தவறான வேலையைத் திறந்துவிடுவார்கள், பராமரிப்பில் அது சின்ன விஷயம் இல்லை. மக்கள் பட்டியலைப் படிப்பதைவிட இடத்தை நினைவில் வைத்தே கை வைக்கிறார்கள். ஆபீஸ் 2000இல் மைக்ரோசாஃப்ட் அதிகம் பயன்படுத்தாத மெனுக் கட்டளைகளைத் தானாக மறைத்துப் பார்த்தது. ஆபீஸ் 2007இல் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பொத்தான் பட்டை வந்தபோது வேர்டு, எக்செல் போன்றவற்றில் அந்த முறையே போய்விட்டது.

தரவுக்_கிடங்கு பதில்:

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். சேமிக்கும் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

கை வரிசையை 1, 2, 3 என்று முழு எண்களாக வைத்தால் ஒன்றை முதலிடத்துக்கு நகர்த்தும்போது அதற்கு மேலே இருந்த எல்லாவற்றின் எண்ணையும் மாற்ற வேண்டும். ஐம்பது வரிகளுக்கு அது ஒரு சுமையே இல்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார். அதனால் நகர்த்திய வரியை மட்டும் மாற்றும் முறை நல்லது: இரண்டு அண்டை வரிகளின் நடு மதிப்பைக் கொடுப்பது. இதற்குத் தசம எண்ணை நம்பாதீர்கள். வழக்கமான 64 பிட் தசம எண்ணில் 1க்கும் 2க்கும் நடுவே, எப்போதும் 1க்குப் பக்கத்திலேயே செருகிக்கொண்டு போனால் 52 முறையில் இடம் தீர்ந்துவிடும். அவசர வேலைகளை எப்போதும் இரண்டாவது இடத்தில் வைக்கும் ஒரு குழுவில் அது சீக்கிரமே நடக்கும். எழுத்துச் சரத்தைக் குறியீடாக வைத்தால் தேவைக்கேற்ப அதை நீட்டிக்கொள்ளலாம். வேலைகளைக் கண்காணிக்கும் ஜிராவில் உள்ள லெக்ஸோரேங்க் என்ற முறை இந்த வகைதான், வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மாவும் இதே கருத்தில் இயங்குகிறது. இரண்டு வேலைகளுக்கு ஒரே குறியீடு அமைந்துவிட்டால் வேலையின் அடையாள எண்ணைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தேதிப்படி அடுக்கும்போது ஒரே தேதியில் பத்து வேலைகள் இருக்கும். அந்தப் பத்துக்குள் எது முதலில்? குழு வரிசையை இரண்டாம் நிலை அளவுகோலாக வையுங்கள். மேற்பார்வையாளர் யோசித்து அடுக்கியது தேதிப் பார்வையிலும் உயிரோடு இருக்கும். இதை வினவலில் வெளிப்படையாக எழுதுங்கள், அடுக்கும் முறை பழைய ஒழுங்கைக் காப்பாற்றும் என்று நம்பி விடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் சம மதிப்புகளின் முந்தைய ஒழுங்கு மாறாமல் இருக்க வேண்டும் என்பது 2019 வரையறையில்தான் கட்டாயமானது. டேட்டாபேஸ்களோ கேட்காத ஒழுங்குக்கு எந்த உறுதியும் தருவதில்லை.

தேதி குறிக்காத வேலைகளை, ஏறுவரிசையோ இறங்குவரிசையோ, இரண்டிலும் கடைசியில் வையுங்கள்.

ஒலித்திரை பதில்:

இழுப்பது மட்டுமே ஒரே வழியாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2023 அக்டோபரில் வெளியான வலை அணுகல்தன்மை வழிகாட்டி 2.2இல், இழுத்துச் செய்யும் எதையும், இழுப்பது இன்றியமையாத இடங்களைத் தவிர, இழுக்காமல் ஒரு விரலால் தட்டியும் செய்ய முடிய வேண்டும் என்று 2.5.7ஆம் விதி சொல்கிறது. கீபோர்டு மட்டும் கொண்டு செய்ய முடிவது தனி விதி, இரண்டும் வேண்டும். கை நடுங்குபவர், கையுறை போட்டு வேலை செய்பவர், ஸ்கிரீன் ரீடர் கொண்டு கேட்டுப் படிக்கும் என்னைப் போன்றவர் எல்லோருக்கும் இது வேண்டும்.

ஒவ்வொரு வேலையின் மெனுவிலும் 'மேலே', 'கீழே', 'முதலிடத்துக்கு', 'இந்த எண்ணுள்ள இடத்துக்கு' என்ற நான்கும் போதும். கடைசியானதை விட்டுவிடாதீர்கள். 45ஆம் இடத்திலிருந்து 6க்கு வர 'மேலே' என்பதை 39 முறை அழுத்தச் சொல்வது நியாயம் இல்லை. நகர்ந்ததும் கீபோர்டு, ஸ்கிரீன் ரீடர் ஆகியவற்றின் கவனம் அந்த வேலையிலேயே இருக்க வேண்டும், '50இல் 6ஆவது இடம்' என்று அறிவிப்பும் வர வேண்டும். அட்டவணைத் தலைப்பில் அம்புக்குறி மட்டும் போட்டால் எங்களுக்குத் தெரியாது. ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பதை ஸ்கிரீன் ரீடருக்கு அதைச் சொல்லும் ஏரியா சார்ட் (aria-sort) என்ற HTML பண்பிலும் குறியுங்கள்.

பழுதுப்பட்டியல்:

மூவருக்கும் மிக்க நன்றி. பிரிவுகள் தானாக, உள்ளே கையால் என்ற கலப்பை எடுத்துக்கொள்கிறேன், 'இன்னும் அடுக்காதவை' பகுதியையும்தான். ஒரே தேதிக்குள் குழு வரிசை என்பது எனக்குத் தோன்றவே இல்லை, அது மேற்பார்வையாளருக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொரு சந்தேகம். தலைப்புப்படி அடுக்கினால் தமிழ்த் தலைப்புகள் அகராதி ஒழுங்கில் வரவில்லை. 'இயந்திரம் 10' என்பதும் 'இயந்திரம் 2'க்கு முன்னால் வருகிறது.

முகப்பு_வடிவம்:

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மென்பொருள் எழுத்துகளை அவற்றின் யூனிகோட் எண்ணை, அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணை, கொண்டு ஒப்பிடுகிறது. யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள என்பது ழ-வுக்கு முன்பும் இருக்கின்றன. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால். நம் நெடுங்கணக்கு அப்படி இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் மொழிவாரி ஒப்பீட்டுக்கென இருக்கும் கொலேட்டரில் தமிழைக் குறிப்பிடுங்கள், எண்களை எண்களாகவே ஒப்பிடும் தேர்வையும் அதிலேயே இயக்கலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 10ஆம் பதிப்பு முதல் ஐசியு என்ற மொழிவாரி ஒப்பீடு கிடைக்கிறது. திரையில் ஒரு முறையும் சர்வரில் வேறு முறையும் வைக்காதீர்கள், அடுத்த பக்கத்துக்குப் போகும்போது வேலைகள் விட்டுப்போகும் அல்லது இரண்டு முறை வரும்.

மாற்றிய பிறகு இந்த ஜோடிகளை வைத்துச் சோதியுங்கள். 'அழுத்தம்' முதலில், பிறகு 'அளவு'. 'கம்பி' முதலில், பிறகு 'கன்வேயர்'. 'பல்சக்கரம்' முதலில், பிறகு 'பலகை'. கடைசி ஜோடி மெய்யெழுத்துக்கானது. அது மட்டும் இன்னும் தலைகீழாக வந்தால், மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் ஒரு ஒப்பீட்டுச் சாவியை, அதாவது அடுக்குவதற்கு மட்டும் பயன்படும் ஒரு சரத்தை, தலைப்பிலிருந்து உருவாக்கித் தனிக் கட்டத்தில் சேமித்து, அதைக் கொண்டு அடுக்குங்கள்.