மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முன்பே உடற்பயிற்சி, ஆன்லைன் வகுப்பு: அவசியமா?

மன்னார்குடி மகள்:
அம்மாவுக்கு 67 வயது. வலது முட்டி முழுக்கத் தேய்ந்துபோய், அடுத்த மாதக் கடைசியில் மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. ஆபரேஷன் பற்றிய விளக்க வீடியோக்கள், அப்புறம் வாரம் ஒருநாள் ஜூமில் பிசியோ வகுப்பு. வீடியோ எல்லாம் ஆங்கிலம். அம்மா ஒன்றைப் பாதி பார்த்துவிட்டு, "எடுத்துப் போடப்போற முட்டிக்கு எதுக்குடி எக்சர்சைஸ், புதுசு வந்ததும் செஞ்சுக்கறேன்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. நான் பெங்களூரில் இருக்கிறேன், ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முனகுகிறவரைப் பயிற்சி செய்யச் சொல்வது சரியா?

பிசியோ குமரன்:
அம்மா கேட்டது நியாயமான கேள்விதான் மேடம். ஆனால் பயிற்சி முட்டிக்கு இல்லை, தொடையின் முன்பக்கத் தசைக்கு. டாக்டர் மூட்டைத்தான் மாற்றுவார், தசை பழையதுதான். வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்ததில் அது ஏற்கெனவே மெலிந்திருக்கும், ஆபரேஷன் முடிந்ததும் வீக்கத்தாலும் வலியாலும் இன்னும் பலம் குறையும். அந்த நேரத்தில் "தொடையை இறுக்குங்கள்" என்றால் பலருக்கு எந்தத் தசையை இறுக்குவது என்றே பிடிபடாது. இப்போதே பழகியிருந்தால் சொன்னவுடன் செய்வார்கள்.

தரையில் வேண்டாம், கட்டிலில் காலை நீட்டி உட்காரட்டும். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அமுக்கச் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் தொடை கல் மாதிரி இறுகும், முட்டிச் சில்லு லேசாக மேலே இழுபடும், அப்பா கை வைத்துப் பார்த்தாலே தெரியும். ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் இருப்பவர்களுக்கு இது முக்கியம். அப்புறம் குதிகாலை மெத்தையில் தேய்த்தபடி காலை மடக்கி நீட்டுவது, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. இரண்டு காலுக்கும் செய்யட்டும், ஆபரேஷனுக்குப் பிறகு பாரம் தாங்கப்போவது இடது கால்தானே. செய்யும்போது கொஞ்சம் வலிப்பது சகஜம். மறுநாள் வலியும் வீக்கமும் கூடினால் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு வகுப்பில் சொல்லுங்கள். இதய நோய், மயக்கம், விழுந்த அனுபவம் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொண்டே ஆரம்பியுங்கள்.

ரிட்டயர்டு வாத்தியார்:
எனக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. பயிற்சியை விட எனக்கு உதவியது வாக்கரை முன்கூட்டியே வாங்கி வீட்டுக்குள் நடந்து பார்த்ததுதான். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரத்தில் அதன் பிடி இருக்க வேண்டும். எங்கள் பாத்ரூம் கதவில் வாக்கர் நுழையவே இல்லை! முன்பே தெரிந்ததால் கொத்தனாரைக் கூப்பிட முடிந்தது. உங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? இல்லையென்றால் உடனே ஏற்பாடு செய்யுங்கள், குந்தி உட்காரும் பேச்சே இனி கிடையாது. உட்கார உயரமான, கைப்பிடி உள்ள மர நாற்காலி நல்லது. பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது வழுக்கும். மிதியடி எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போடுங்கள். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், இதை இப்போதே மனப்பாடம் பண்ணிக்கொள்ளட்டும்.

சந்தேகி:
ஒரு மாற்றுக் கருத்து. முன்பயிற்சி செய்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் சுலபமாகப் போகிறது, ஆனால் மாதங்கள் போகப்போக செய்யாதவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் அம்மா செய்யவில்லை என்று வீட்டில் சண்டை போடாதீர்கள். அதே நேரத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் புண் இருந்தால் முதலில் சரிசெய்வது, இதிலெல்லாம் அலட்சியம் வேண்டாம். புது மூட்டில் கிருமி ஏறினால் திரும்பத் திறக்க வேண்டிவரலாம்.

பிசியோ குமரன்:
சந்தேகி சொல்வது சரிதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் இரண்டு வயதானவர்கள் மட்டும் இருக்கும்போது அந்த முதல் சில வாரங்கள்தானே கஷ்டம்? ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மன்னார்குடி மகள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று வீடியோ காலில் சொன்னேன், அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே துண்டை அமுக்கினார், அப்பா தொடையைத் தொட்டுப் பார்த்து "இறுகுதுடி" என்றார். ஐந்து எண்ணுவதற்குப் பதில் ஐந்து தடவை "முருகா" சொல்கிறாராம். ஒரு கேள்வி: படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வருகிறது. ஆபரேஷனுக்குப் பிறகும் வைக்கலாமா?

பிசியோ குமரன்:
வேண்டாம். மடங்கியபடியே இருந்தால் முட்டி முழுசாக நீளாமல் போய்விடும், நடை விந்தும். காலை உயர்த்த வேண்டுமென்றால் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பழக்கத்தை இந்த வாரமே மாற்றப் பாருங்கள், ஒரேயடியாக முடியாவிட்டால் தலையணையை மெல்லியதாக்கிக்கொண்டே போகலாம்.